பதினேழாம் நம்பர் நிலத்தில் பந்தல் எங்கே போடுவது

1

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தோஷச் சேதியோடு ஆரம்பிக்கிறேன். டில்லிக்கு வந்த இருபத்திரண்டாம் வருஷத்தில் எனக்கு நிலம் கிடைத்தது. தெற்கு வடக்காகப் பன்னிரண்டு அடி, கிழக்கு மேற்காகப் பத்தடி. சிரிக்க வேண்டாம். எங்கள் அப்பா தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, மண்வெட்டி பிடித்தவர்கள் யாரும் கிடையாது. எங்கள் வம்சத்திலேயே முதலில் மண்ணில் கை வைத்தவள் நான்தான், அதுவும் டில்லியில்.

லோதி ரோடு பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் மத்திய சர்க்கார் ஆபீஸில் கிளார்க். எங்கள் பிளாக்குக்குப் பின்னால் உடைந்த செங்கலும் துருப்பிடித்த ஸ்கூட்டருமாகக் கிடந்த இடத்தைக் காலனிக் கமிட்டிக்காரர்கள் ஆனி மாதம் சுத்தம் செய்தார்கள். முப்பது துண்டாகப் பிரித்துக் கயிறு கட்டி, காய்கறி போட ஆசைப்படுகிறவர்கள் பேர் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்கினார்கள். என் பேருக்குப் பதினேழாம் நம்பர் வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன்.

ஏன் இத்தனை சந்தோஷம் என்று சொல்கிறேன். மார்கழித் திருவாதிரைக்குக் களியும் ஏழுகறிக் குழம்பும் வைத்து நடராசருக்குப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஏழு காய் நாட்டுக் காயாக இருக்க வேண்டும், ஒரே குழம்பில் வேக வேண்டும், அவ்வளவுதான். டில்லிக்கு வந்த முதல் மார்கழியில் எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. காய்க்காரனிடம் விரலால் காட்டி ஏழு காய் வாங்கினேன். கோபி என்கிற காலிஃபிளவர், பட்டாணி, கேரட், டர்னிப் என்று எதை எதையோ போட்டுக்கொடுத்தான். குழம்பு முழுக்கக் கோபி வாசம். இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சாமியும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு தாங்கவில்லை. ‘சாமி, எனக்கு ஒரு முழம் மண்ணைக் கொடு. என் கையால் விளைவித்த ஏழு காயை உன் மடைப்பள்ளிக்குக் கொண்டுவந்து தருகிறேன்’ என்று நேர்ந்துகொண்டேன்.

பிறகு இந்தி வந்தது. சேப்பங்கிழங்கு இங்கே அர்பி, அவரை இங்கே சேம் என்று தெரிந்தது. குழம்பும் நல்ல குழம்பாக ஆனது. ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதானே. குவார்ட்டர்ஸில் தொட்டி வைக்கக்கூட பால்கனி கிடையாது. வருஷம் ஓடிவிட்டது. வருகிற வைகாசியோடு இவருக்கு ரிட்டயர்மெண்ட், வீட்டைக் காலி செய்துகொண்டு தென்காசிக்குக் கிளம்ப வேண்டும். ஆக, எனக்கு மிச்சம் இருந்தது இந்த ஒரே ஒரு மார்கழிதான். சீட்டில் என் பேர் வந்ததும் ஏன் கண் கலங்கியது என்று இப்போது தெரிந்திருக்கும்.

2

பாத்தியை இங்கே க்யாரி என்கிறார்கள். முழுத்துண்டுக்கும் அதுதான் பேர். நிலம் கொடுத்தவர்கள் விதியும் கொடுத்தார்கள். கமிட்டி செக்ரட்டரி பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைல் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. எந்தச் செடி எந்த இடம் என்று நக்ஷா, அதாவது வரைபடம், இரண்டு பிரதி தர வேண்டும். ஒட்டியிருக்கிற க்யாரிக்காரர்கள் எல்லாரும் ‘ஆட்சேபனை இல்லை’ என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் பதினைந்து நாளுக்குள். தவறினால் துண்டு அடுத்த பேருக்குப் போய்விடும்.

எனக்குப் பத்தாவதுக்கு மேல் படிப்பில்லை. ஸ்கேல் வைத்து வரைந்து பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது கோலம். ஹாலில் நாற்காலிகளை நகர்த்திவிட்டு, கோலப்பொடியால் பன்னிரண்டு புள்ளி, பத்து வரிசை வைத்தேன். ஒரு புள்ளி ஓர் அடி. அடுக்களையிலிருந்து தானியங்களை எடுத்துவந்து செடிகளாக வைத்தேன். கத்தரிக்குத் துவரம்பருப்பு, சேம்புக்கு உளுந்து, சர்க்கரைவள்ளிக்குக் கடலை, உருளைக்கிழங்குக்கு வேர்க்கடலை, பரங்கிக்குப் புளியங்கொட்டை. அவரைக்கும் மொச்சைக்கும் தீக்குச்சி, அது பந்தல். (உருளைக்கிழங்கு நாட்டுக் காயா என்று கேட்காதீர்கள். என் மாமியார் போடுவார்கள், நானும் போடுகிறேன்.)

தானியத்தை இப்படி வைத்தும் அப்படி வைத்தும் ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. பரங்கி கொடி ஓடும், அதை ஓரத்தில் விட வேண்டும். சேம்பு ஈரம் கேட்கும், அது குழாய்ப் பக்கம். உருளைக்கிழங்கு ஐப்பசியில்தான் போட வேண்டும், அதுவரை அந்த இடத்தில் வெண்டை. கல்யாணத்துக்குப் பந்தி போடுவது மாதிரி இருந்தது. யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது, யார் கோபித்துக்கொள்வார் என்று.

மகள் மீனா காலேஜிலிருந்து வந்தாள். டில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், தேவையென்றால். வாசலில் நின்று பார்த்துவிட்டு, சபாஷ் போடுகிற மாதிரி, “க்யா பாத் ஹை, ம்மா. இன்னைக்கு என்ன பண்டிகை? கோலத்துல சாட் மசாலா மட்டும்தான் போடலே” என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் உற்சாகம் வந்தது. மேலேயிருந்து ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டாள். நக்ஷாவைத் தான் போட்டுத் தருவதாகச் சொன்னாள். ஒரு வரிசை மட்டர் வேண்டும் என்று கேட்டாள். மட்டர் என்றால் பட்டாணி. நான் கூடாது என்றேன். அவளுடைய குளிர்காலம் மட்டரும் கேரட் அல்வாவும்தான். என் மார்கழி வேறே, அவளுடைய டிசம்பர் வேறே. அந்தப் பத்தடியில் இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பந்தலுக்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், ஈசானிய மூலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தென்மேற்கில் ஆரம்பித்துத் தெற்கு ஓரம் முழுக்க ஆறடி உயரத்துக்குப் பந்தல் என்று தீக்குச்சிகளை அடுக்கினேன்.

இவர் மட்டும், “நெழல் விழாதா?” என்று கேட்டார்.

“விழட்டுமே அத்தான், பாத்துருவோம்” என்று சொல்லி, மறுநாள் உச்சிவேளையில் தரை துடைக்கிற குச்சியை எடுத்துக்கொண்டு போய் மண்ணில் நட்டுப் பார்த்தேன். ஆடி மாத வெயில் தலைக்கு மேலே நின்றது. நிழல் என் செருப்பு அளவுகூட இல்லை. இவரை ஃபோனில் கூப்பிட்டு, செருப்பளவு என்று சொன்னேன். ஆபீஸில் இருந்ததால் அவரும் சரி என்றுவிட்டார்.

3

கிழக்கிலும் தெற்கிலும் எனக்கு நடைபாதை. மேற்கில் ஒரு இளம் ஜோடி. அவர்கள் நக்ஷாவைத் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். வடக்கில் பதினெட்டாம் நம்பர். அது கமலா தீதியுடையது. தீதி என்றால் அக்கா.

கமலா தீதி கட்வால் மலைக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், புருஷன் இல்லை, மகனோடு அடுத்த பிளாக்கில் இருக்கிறாள். மலையில் சொந்தமாக வயல் பார்த்தவள். என்னை ‘மத்ராஸன்’, அதாவது மெட்ராஸ்காரி, என்பாள்; சில சமயம் ‘பஹன்’, தங்கை. தென்காசிக்கும் மெட்ராஸுக்கும் இங்கிருந்து ஜெய்ப்பூர் போய் வருகிற தூரத்துக்கு மேலே என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும், ரெண்டு ஊரிலும் இட்லிதானே” என்றாள். அவள் இந்தியில் சொல்வதை எல்லாம் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

நக்ஷாவை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

“உன் நிலம், உன் இஷ்டம். நான் ஏன் தடுக்கணும்? ஆனால் பூஸ் மாசத்தில் உன் உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் உன் கம்மல் அளவு இருக்கும்.”

நான் குச்சி நட்டுப் பார்த்த கதையைச் சொன்னேன். அவள் அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பூஸ் மாசத்தில் நீ துணியை எங்கே காயப்போடுகிறாய்?”

பூஸ் என்பது நம் மார்கழி. எனக்குச் சுரீர் என்றது. எங்கள் வீடு பிளாக்கின் வடக்குப் பக்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்க்காது. இருபத்திரண்டு குளிர்காலமும் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பிளாக்கைச் சுற்றித் தெற்குப் பக்கம் போய்த்தான் காயப்போட்டிருக்கிறேன். டில்லியில் மார்கழிச் சூரியன் மேலே ஏறுவதே இல்லை, தெற்கே தாழ்வாக நடந்து போய்விடும். உச்சிவேளையில்கூட ஆளைவிட நிழல் நீளம். இதை என் காலும் தோளும் அறியும். மண்டைக்கு மட்டும் எட்டவில்லை. தென்காசியில் பந்தல் எந்தப் பக்கம் போட்டாலும் வெயில் தேடிவந்து விழும், அங்கே பார்த்த சூரியனை வைத்துக்கொண்டு இங்கே நக்ஷா போட்டிருக்கிறேன்.

தெற்கில் ஆறடிப் பந்தல் என்றால் அதன் நிழல் என் நிலத்தில் பாதிக்கு மேல் மூடிவிடும். கத்தரியும் உருளையும் எங்கே தேறும்? தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கமலா தீதி டீ போட்டுக்கொடுத்தாள்.

அன்று சாயந்திரமே புதுக் கோலம் போட்டோம். தீக்குச்சி எல்லாம் வடக்கு ஓரத்துக்குப் போயின. கன்னி மூலை போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. வேறு வழியில்லை என்று மீனாவை வைத்து நக்ஷாவைத் திருத்தி, மறுநாள் கமலா தீதியிடம் பெருமையாகக் கொண்டுபோனேன். நீங்கள் சொன்னபடியே மாற்றிவிட்டேன் என்றேன்.

அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தாளை மடித்து என் கையில் திரும்பக் கொடுத்தாள்.

“இதற்கு என் கையெழுத்து கிடையாது. இப்போது உன் பந்தலின் நிழல் முழுக்க என் வெங்காயத்திலும் மேத்திக் கீரையிலும் விழும். பூஸ் மாசத்து வெயில் என்னுடையது, பஹன். அதை நான் யாருக்கும் தர மாட்டேன்.”

4

இரண்டு நாள் அவள் மேல் எனக்குக் கோபம். யோசனையும் சொல்லிவிட்டு, சொன்னபடி செய்தால் மறுக்கவும் மறுக்கிறாளே என்று. இவரிடம் புலம்பினேன்.

“அவ மறுக்காம என்ன செய்வா? நம்ம நெலத்துல விழுந்தா ஆகாதுன்ன நெழலத் தூக்கி அவ தலையில போட்டிருக்கியே செம்பகம்” என்றார். கிளார்க் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர் ஒரே வரியில் குறிப்பு எழுதிவிடுவார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனாலும் வழி தெரியவில்லை. பந்தல் இல்லாவிட்டால் அவரையும் மொச்சையும் இல்லை. ஏழு ஐந்தாகிவிடும். நாளும் நான்குதான் மிச்சம்.

பிரதோஷத்தன்று இங்கே இருக்கிற நம் தமிழ்க்காரர் கோயிலுக்குப் போனேன். நடராசர் சந்நிதியில் நின்று, ‘பந்தலை எங்கே போடட்டும், நீயே சொல்’ என்று கேட்டேன். நெய்விளக்கு வெளிச்சத்தில் சாமி முகம் பளிச்சென்று இருந்தது. அப்போதுதான், இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். எந்தக் கோயிலானாலும் நடராசர் தெற்குப் பார்த்துத்தான் நிற்பார். நான் சாமிக்கு நேரே நின்று கும்பிட்டால் அவர் முகத்தை மறைப்பேன் என்று ஓரமாக ஒதுங்கி நிற்கிறேன். அதே நான், அவருடைய மார்கழியில், அவர் பார்க்கிற தெற்குத் திசையில் ஆறடிக்கு மறைப்புக் கட்டப் பார்த்தேனே! தெற்குத் திறந்திருக்கட்டும். கன்னி மூலை சாஸ்திரம் வீட்டுக்கு. நிலத்துக்குச் சாமி முகம்தான் சாஸ்திரம் என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் தீர்த்துவிட்டேன். பெரியவர்கள் யாராவது தப்பென்று சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் எனக்கு அன்று அப்படித்தான் தோன்றியது.

அந்தத் தீர்மானத்தோடு பஸ்ஸில் வரும்போது அடுத்ததும் தோன்றியது. தெற்கே தாழ்ந்தும் வடக்கே உயர்ந்தும் இருக்க வேண்டும் என்றால், என் நிலத்தின் வடக்கு ஓரத்தோடு ஏன் நிறுத்த வேண்டும்? கமலா தீதி நிலத்தின் வடக்கு ஓரத்தில் பந்தல் இருந்தால்? அதற்கு அப்பால் நடைபாதை, அதற்கப்பால் காலனிக் காம்பவுண்டுச் சுவர். நிழல் அங்கே விழுந்தால் யாருக்கு நஷ்டம்?

மறுநாள் காலையில் கமலா தீதியை வீட்டுக்கு அழைத்துவந்தேன். ஹாலில் இருபத்து நான்கு புள்ளி, பத்து வரிசை வைத்திருந்தேன். பதினேழும் பதினெட்டும் சேர்ந்த கோலம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோலத்தின் வடக்குப் பக்கம், தன் பக்கமாகவே, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் தீக்குச்சிகளை எடுத்து அவளுடைய வடக்கு ஓரத்தில் மூன்று புள்ளி அகலத்துக்கு அடுக்கினேன்.  பிறகு என் தெற்கு ஓரத்து மூன்று புள்ளி அகலத்திலிருந்த தானியத்தை எல்லாம் வழித்தெடுத்து, அந்த இடத்தை அவளுக்குக் காட்டினேன். நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் அது. நீங்கள் அங்கே போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவள் கோலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் உளுந்துக் கிண்ணத்தை எடுத்தாள். “இது பூண்டு” என்று சொல்லி என் கன்னி மூலையில் வரிசையாக உளுந்து வைக்க ஆரம்பித்தாள். நாங்கள் வெள்ளி செவ்வாய் பூண்டு சேர்க்காத வீடு. போகட்டும், பூண்டு உயரமாக வளராது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. அதையும் அவளிடமே சொன்னேன். ஏழு காயும் என் மண்ணில் என் கையால் விளைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். அவரையும் மொச்சையும் உங்கள் மண்ணில் வேர்விட்டால் நேர்ச்சை பலிக்குமா என்று.

கமலா தீதி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. “அரே மத்ராஸன், மண் உன்னுடையதா, என்னுடையதா? சர்க்காருடையது. நீயும் காலி செய்துவிட்டுப் போக வேண்டியவள், நானும்தான். கை உன்னுடையதா இல்லையா, அதைச் சொல்.”

என் கைதான் என்றேன். அப்படியென்றால் சரி என்று, பூண்டுக்குப் பக்கத்தில் மேத்திக்கு, அதாவது வெந்தயக்கீரைக்கு, உளுந்தை மேலும் கொஞ்சம் அள்ளினாள்.

செக்ரட்டரி சாஹிப்புக்குத்தான் தலைவலி. ஒருவர் செடி இன்னொருவர் க்யாரியில் என்பதற்கு ஃபாரத்தில் கட்டமில்லை என்றார். ஒரு க்யாரி, ஒரு பேர், ஒரு நக்ஷா என்றார். இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து அவரோடு பேசினார். இரண்டு பேரும் சர்க்கார் பாஷையில் பேசிக்கொண்டதில் எனக்குப் பாதி புரியவில்லை. முடிவில் இப்படி ஆனது: காகிதத்தில் அவரையும் மொச்சையும் பதினெட்டாம் நம்பர் கமலா தேவியுடையவை. பூண்டும் மேத்தியும் பதினேழாம் நம்பரான என்னுடையவை. பதினான்காம் நாள் மத்தியானம் முத்திரை குத்தித் தந்தார். கமலா தீதி என் நக்ஷாவில் கையெழுத்துப் போட்டாள், நான் அவள் நக்ஷாவில் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

கமலா தீதியின் மகன் மூங்கில் கொண்டுவந்து பந்தல் கட்டினான். தென்காசியிலிருந்து என் தம்பி அவரை விதையும் மொச்சை விதையும் மஞ்சள் துணியில் முடிந்து தபாலில் அனுப்பினான். ஆடி வெள்ளிக்கிழமை, சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு விதைத்தோம்.

5

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அயலூரில் இருக்கிறவர்கள் எழுதுவதெல்லாம் குறையாகவே இருக்கும். பாஷை வரவில்லை, பிள்ளைகள் விலகிப்போகிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று. நானும் அப்படிக் கடிதம் எழுதினவள்தான். மீனாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவளுக்கு நான் அனுப்புகிற மெஸேஜை எல்லாம் யாரையாவது படிக்கச் சொல்வாளோ, படிக்காமலே விடுவாளோ, கேட்க எனக்குப் பயம். அந்த வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும் நான் பட்ட சந்தோஷத்தை மறைத்துவிட்டு அதை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

விடியற்காலையில் தண்ணீர் விடப் போவேன். எனக்கு முன்னாலேயே கமலா தீதி நிற்பாள். என் கத்தரியில் புழு எடுப்பாள், நான் அவளுடைய மேத்தியில் களை எடுப்பேன். என் இந்தி இன்னும் நொண்டும். ஆண்பால் பெண்பால் எல்லாம் ஒன்றுதான் எனக்கு. பரங்கிக்காயைப் பொம்பளையாக்கிவிட்டாய் என்று கேலி செய்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனாவும் வருவாள். காலேஜ் விஷயம் எல்லாம் கமலா தீதியிடம்தான் சொல்வாள். நான் கத்தரிச்செடிக்குள் குனிந்துகொண்டே கேட்டுக்கொள்வேன். வீட்டில் மூன்று வருஷமாகக் கேட்காததை எல்லாம் அந்த நாலு மாதத்தில் கேட்டேன்.

கார்த்திகையில் கமிட்டி இன்ஸ்பெக்ஷன் வந்தது. செக்ரட்டரி சாஹிப் ஃபைலோடு வந்து பந்தலுக்குக் கீழே நின்றார். அவரைக்கொடி ஊதாப்பூவும் காயுமாகச் சடை சடையாகத் தொங்கியது. இந்தக் காலனியிலேயே முதல் தரமான சேம் என்று சொல்லி, பதினெட்டாம் நம்பர் கமலா தேவிக்குப் பரிசாக ஒரு பூவாளி கொடுத்தார். காகிதம் காகிதம்தானே. கமலா தீதி கொஞ்சமும் கூச்சப்படாமல் வாங்கிக்கொண்டாள். எனக்கு, பூண்டு நன்றாக இருக்கிறது, பரங்கிக்கொடி நடைபாதையில் ஆக்கிரமிப்புச் செய்கிறது, உடனே அகற்றவும் என்று எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதை மீனா ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

6

மார்கழி பிறந்தபோது கணக்குப் பார்த்தேன். பரங்கி இரண்டு, ஐப்பசியிலேயே பறித்துக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. சேம்பு தோண்டி வைத்தாயிற்று. சர்க்கரைவள்ளி அகழ்ந்தால் கிடைக்கும். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் எலுமிச்சம்பழ அளவு வந்துவிட்டது. கத்தரி குளிரில் குறுகினாலும் பத்துக் காய் இருந்தது. அவரைக்குக் குறைவே இல்லை. ஆறு ஆயிற்று. ஏழாவது மொச்சை.

மொச்சை பூத்தது. பிஞ்சும் வந்தது. ஆனால் காய் தட்டையாகவே நின்றது. விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த நேரம் பார்த்து மூடுபனி பிடித்துக்கொண்டது. எட்டு நாள் சூரியனே இல்லை. எதிர் பிளாக் தெரியாது. அதில் ஏழாம் நாள், திருவாதிரைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. தினமும் போய் ஒரே காயை அழுத்திப் பார்ப்பேன். அத்தனை அழுத்தினால் அது எப்படி வளரும் என்று இவர் கேட்டார். காய்க்கடையில் ஒரு கிலோ வாங்கிக் கலந்துவிடலாமே, சாமிக்குத் தெரியாதா உன் கஷ்டம் என்றும் சொல்லிப் பார்த்தார். அவருக்குத் தெரியும், அதனால்தான் கலக்க மாட்டேன் என்றேன்.

திருவாதிரைக்கு ஏழு நாளைக்கு முன்னால் பனி விலகியது. பதினோரு மணிக்குச் சூரியன் தெற்கே தாழ்வாக, வெள்ளித்தட்டு மாதிரி வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பூண்டின் மேலே, கத்தரி மேலே, உருளை மேலே, வெங்காயத்தின் மேலே, கடைசியில் பந்தல் முழுக்க, அடியிலிருந்து நுனிவரை வெயில். நடுவே எதுவும் மறைக்கவில்லை. நிழல் எல்லாம் பின்னால் நடைபாதையைத் தாண்டிச் சுவரில் ஏறிக் கிடந்தது. கமலா தீதி ஒரு பழைய நாற்காலியைப் போட்டு அந்த வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஏழு நாளும் வெயில் அடித்தது.

திருவாதிரைக்கு முதல் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் பறித்தோம். மொச்சையைக் கடைசியில் வைத்தோம். நான், இவர், மீனா, கமலா தீதி நாலு பேரும் செய்தித்தாளை விரித்து உரித்தோம். முதல் காயில் மூன்று மணி, பச்சையாக, முழுசாக. மீனா ஆட்களின் தலையை எண்ணுகிற மாதிரி எண்ண ஆரம்பித்தாள். ஒரு கிண்ணம் நிறைந்து இரண்டாவது கிண்ணம் பாதி வந்தது.  கமலா தீதி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அன்று சாயந்திரம் ஏழு காயையும் ஒரு மூங்கில் கூடையில் வைத்துக் கோயில் மடைப்பள்ளியில் சேர்த்தோம். இருபத்திரண்டு வருஷத்துப் பாரம் ஒரு கூடையில் இறங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் அபிஷேகம், தீபாராதனை எல்லாம் ஆனது. கமலா தீதியும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எங்களோடு வந்திருந்தாள். குருக்கள் அர்ச்சனைக்கு வந்து, காய் உபயம் யார் பேருக்கு, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். இவர் பேர், என் பேர், மீனா பேர் சொன்னேன். பிறகு, “கமலா” என்றேன்.

“நட்சத்திரம்?”

கமலா தீதியிடம் இந்தியில் கேட்டேன். அவள் கையை விரித்தாள். மலையில் யார் அதை எல்லாம் எழுதி வைத்தார்கள், பூஸ் மாதம் பனி கொட்டும்போது பிறந்தேன் என்று அம்மா சொல்வாள், அதோடு சரி என்றாள்.

“தெரியலேன்னா சுவாமி பேருக்கே பண்ணிடலாம்” என்றார் குருக்கள்.

“மார்கழியிலதான் பொறந்திருக்கா சாமி. திருவாதிரைன்னே சொல்லுங்க. நான் பொறுப்பு.”

குருக்கள் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, சாமியின் நட்சத்திரத்தையே அவள் பேரோடு சேர்த்துச் சொல்லிப் பூவைப் போட்டார். நடுவில் தன் பேர் வந்ததும் கமலா தீதி திடுக்கிட்டுக் கை கூப்பினாள்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவர் என்ன சொன்னார், என் பேரை ஏன் சொன்னார் என்று. உங்களுக்கு ஒரு நட்சத்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இன்றைக்கு உங்கள் பிறந்த நாள் என்றேன்.

அவள் சால்வை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “பிறந்த நாள் என்கிறாய், இனிப்பு எங்கே?” என்று கேட்டாள்.

மீனா அவள் கையைப் பிடித்துப் பிரசாத வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் தொன்னையில் களி விழுந்தது, மேலே சூடாகக் குழம்பு. கமலா தீதி ஒரு தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, விரலை விட்டு அதில் மொச்சையைத் தேடிக்கொண்டிருந்தாள்.